கட்டடத்தில் சிறு சேமிப்பாளரின் பங்கு

சேமிப்பை நிலத்திலும் வீட்டிலும் போடும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஆயினும் பெருநகர் அலுவலகக் கட்டடமொன்றை வாங்கி வாடகைக்கு விடுவது மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத காரியம். அதற்கு வழி செய்யும் 'ரீட்' எனப்படும் நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளுக்கான விதிமுறைகளை 'செபி' 2014-இல் வெளியிட்டது. முதல் அறக்கட்டளை 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் வெளியீட்டில் சேரக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது; 2021-இல் இது 10,000 முதல் 15,000 ரூபாய் வரை என்றாயிற்று. இன்று சந்தையில் ஒரே ஒரு யூனிட்டையும் வாங்கலாம்.

சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டிமுடிந்து வருவாய் ஈட்டுவதாக இருத்தல் வேண்டும். பகிர்ந்தளிக்கத்தக்க நிகர ரொக்கத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்கு வழங்குதல் வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான். வரும் தொகை முழுவதும் வருமானம் அன்று. வட்டி, ஈவுத்தொகை ஆகியவற்றுடன் 'கடன் திருப்பம்' என்ற இனத்திலும் ஒரு பகுதி வரக்கூடும். கணக்கின்படி அது போட்ட முதல் திரும்புவதற்கு ஒப்பாகும். 100 ரூபாய்க்கு 8 ரூபாய் கிடைத்து, அதில் 3 ரூபாய் இவ்வினத்தைச் சேர்ந்ததெனில், வங்கி வட்டியோடு ஒப்பிடத்தக்கது 5 ரூபாயே. யூனிட்டின் விலையோ நாள்தோறும் ஏறியிறங்கும்.

குறியீட்டெண்ணைப் பின்பற்றினால் இடர் பரவிவிடும் என்பதும் அரைகுறை உண்மையே. தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 2023-இல் வந்தது. சாலை, மின்தொடர் அறக்கட்டளைகளையும் அதில் சேர்த்தும் பட்டியல் சிறிதுதான். ரீட்களில் பெரும்பாலானவை அலுவலகக் கட்டடங்களையே நம்பியுள்ளன. நிறுவனங்கள் இடத்தைக் காலி செய்தால் பலவும் ஒருங்கே தளரும். ஆகவே எத்தனை சதவீத இடம் வாடகையில் உள்ளது, குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு மிச்சம், விதிமுறை அனுமதிக்கும் 49 சதவீத வரம்பில் கடன் எந்த அளவை எட்டியுள்ளது என்பவற்றை அறக்கட்டளையின் அறிக்கையில் முதலில் பார்த்தல் வேண்டும்.