பழைய டிராக்டர் டீசல் குடிக்கிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

‘முன்னெல்லாம் ஒரு ஏக்கர் உழ ஊற்றிய டீசலில், இப்போது முக்கால் ஏக்கர்கூட முடிவதில்லை.’ பதினைந்து, இருபது வருடம் ஓடிய டிராக்டரை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, ‘பம்ப்பையும் நாசிலையும் கழற்றணும்ணே’. இன்னொன்று, ‘இன்ஜினையே இறக்கிடலாம்’. இரண்டாவது வேலைக்குப் பல வீடுகளில் நகைதான் அடகுக்குப் போகிறது. அப்படிச் செலவு செய்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிய பிறகும் டீசல் செலவு குறையாமல் விழிப்பவர்கள் உண்டு. டீசல் போன வழி இன்ஜினில் இல்லாமல் டயரிலோ, ஏர் கிளீனரிலோ, தேய்ந்த கொழுவிலோ இருந்தால் அப்படித்தான் ஆகும்.

மணிக்கு 1 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும் டிராக்டர் வருடத்துக்கு 500 மணி நேரம் ஓடினால், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 45,000 ரூபாய் புகையாகப் போகிறது. வாடகைக்கு ஓட்டுபவருக்கு லாபமே அந்தத் தொகைதான்.

முதலில் அளவு

‘அதிகம் குடிக்கிறது’ என்பதைக் கணக்கில் பார்க்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, டேங்க்கின் வாய்வரை டீசல் நிரப்பிக்கொள்ள வேண்டும். வழக்கமான கலப்பையோடு இரண்டு, மூன்று மணி நேரம் உழுதுவிட்டு, அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து நிறுத்தி, அளவுக் கேனால் திரும்ப வாய்வரை ஊற்ற வேண்டும். ஊற்றிய லிட்டரை, உழுத நேரத்தால் ஒருமுறையும் உழுத ஏக்கரால் ஒருமுறையும் வகுத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நேரத்தைக் கைக்கடிகாரத்தில்தான் பார்க்க வேண்டும். பழைய டிராக்டர்களில் உள்ள மணி மீட்டர் பெரும்பாலும் இன்ஜின் சுற்றுவதை வைத்து ஓடுவது. குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் சுற்றினால்தான் அதில் 1 மணி என்பது நிஜமான 1 மணி. ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் மீட்டரும் மெதுவாகவே நகரும். அதை நம்பிக் கணக்குப் போட்டால், நல்ல டிராக்டரும் டீசல் குடிப்பதுபோலத் தெரியும்.

35 குதிரைத்திறன் டிராக்டர், 9 கொழுக் கலப்பையில் பொதுவாக மணிக்கு 3 முதல் 4 லிட்டரும், ரோட்டவேட்டரில் 4 முதல் 6 லிட்டரும் எடுக்கும். முன்பு கலப்பை மட்டும் ஓட்டிய டிராக்டரில் இப்போது ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால், செலவு கூடியது பழுதால் அல்ல. கரிசல் மண்ணை ஈரம் காய்ந்த பிறகு உழுதாலும் அப்படித்தான். ஒரே வயல், ஒரே ஈரம், ஒரே ஆழம் என்று வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

புகை சொல்வது

அடுத்து, ஒருவர் உழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று புகையைக் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் வரும் புகையை விட்டுவிடலாம். சுமையோடு ஓடும்போது விடாமல் கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. காற்று போதவில்லை, டீசல் அளவு மிஞ்சுகிறது, அல்லது சக்திக்கு மீறிய சுமை என்று அர்த்தம். இன்ஜின் சூடேறிய பிறகும் வெண்புகை நின்றபாடில்லை என்றால் நாசிலோ, பம்ப் டைமிங்கோ சரியில்லை. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

கரும்புகைக்கு முதல் சந்தேகம் ஏர் கிளீனர் மேல்தான் விழ வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் கோடை உழவு ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். காலையில் சுத்தம் செய்த கிண்ணத்தில் மாலைக்குள் சேறு படிந்துவிடும். ‘சர்வீஸின்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடும் பொருள் அல்ல இது. புழுதி உழவு நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் கிண்ண வகையாக இருந்தால், பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, உள்ளே உள்ள கோடு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். குறைந்தால் புழுதி நேராக உள்ளே போய் லைனரைத் தின்னும். கறுத்துப்போன வடித்த ஆயிலையே இதில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டு டம்ளர் ஆயிலை மிச்சம் பிடித்து இன்ஜினைக் கெடுக்கும் சிக்கனம் அது. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

பழைய டிராக்டரில் டீசல் அதிகம் வீணாகும் இடம் பின்சக்கரம். டயர் பட்டன் தேய்ந்துவிட்டால் மண்ணைப் பிடிக்காமல் சக்கரம் வழுக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, அளந்தால் தெரியும். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று வயலில் அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே அதே 10 சுற்றுக்கான தூரத்தை அளக்க வேண்டும். முதல் அளவு 38 மீட்டர், இரண்டாவது 33 மீட்டர் என்றால் வழுக்கல் 13 சதவிகிதம். 10 முதல் 15 சதவிகிதம் வரை இயல்பு. இரண்டாவது அளவு 28.5 மீட்டர்தான் என்றால், வழுக்கல் 25 சதவிகிதம். நான்கு சுற்றில் ஒரு சுற்று வெட்டியாகப் போகிறது. இந்த டிராக்டருக்கு எந்த மெக்கானிக் என்ன செய்தாலும் டீசல் குறையாது.

டயர் மாற்றப் பணம் இல்லாதபோது, பின் டியூப்பில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவது, பின்சக்கரத்தில் எடைக்கட்டி மாட்டுவது, ஆழத்தைக் கொஞ்சம் குறைப்பது ஆகியவை கைகொடுக்கும். காற்றழுத்தமும் முக்கியம். வயல் வேலைக்குப் பின் டயரில் பெரும்பாலான டிராக்டர்களுக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும், டிராக்டரோடு வந்த கையேட்டில் சரியான அளவு இருக்கும். கரும்பு லோடு அடிக்க ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கினால், டயர் மண்ணில் படியாமல் வழுக்கும்.

தேய்ந்து மொட்டையான கொழு, மழுங்கிய ரோட்டவேட்டர் கத்தி இரண்டும் டீசல் தின்பவைதான். கத்தி மாற்றுவது இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று பார்க்க, சிறிது தூரம் பிரேக் மிதிக்காமல் ஓட்டிவிட்டு பிரேக் இருக்கும் இடத்தைப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் சூடு காட்டிக்கொடுக்கும். சுமை ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

இன்னொரு கெட்ட பழக்கம், ‘சூடு ஏறாது’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். சூடேறுவதற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கும்போது தெர்மோஸ்டாட் என்ன செய்யும்?

கசிவும் டிப்ஸ்டிக்கும்

டீசல் குழாய் இணைப்பில் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், மணிக்கு 100 மில்லிக்குக் குறையாமல் போகும். ஒரு நாளில் 2 லிட்டரைத் தாண்டும். இரவில் அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் கறை சொல்லிவிடும். வெளியே தெரியாத கசிவும் உண்டு. டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போய், முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால், டீசல் ஆயில் சம்ப்புக்குள் இறங்குகிறது. இதில் மட்டும் நாள் கடத்தக் கூடாது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் பிடித்துக்கொள்ளும். உடனே ஓட்டத்தை நிறுத்தி, கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்ற வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பம்ப்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் கரும்புகையோ, வெண்புகையோ நிற்கவில்லை என்றால், டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு நாசிலைக் கழற்றலாம். நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டி, பனிபோலத் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்பதை விவசாயி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில் நாசில் பக்கம் கையையோ முகத்தையோ கொண்டுபோவது ஆபத்து. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பம்ப்பைப் பொறுத்தவரை, ‘பவர் வரட்டும்’ என்று சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டி வைத்த டிராக்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதைப் பம்ப் கடையில் பெஞ்ச்சில் ஏற்றி அளவு வைப்பதுதான் வழி. திருகை நாமே திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

இன்ஜின் வேலைக்கு உண்மையான அடையாளங்கள் வேறு. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளுவது, நீலப்புகை, அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருப்பது, பேட்டரி நன்றாக இருந்தும் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது ஆகியவை சேர்ந்து வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். அப்போதும் கம்ப்ரஷன் அளவு எடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை என்று எழுதி வாங்கிய பிறகே பிரிக்கச் சொல்ல வேண்டும்.

எந்த வேலை செய்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, அதே வயலில் அதே கலப்பையோடு மீண்டும் ஒருமுறை டேங்க் நிரப்பி அளந்து நோட்டில் எழுத வேண்டும். நான்கு வேலையை ஒரே நாளில் செய்தால், எதனால் டீசல் குறைந்தது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறையும் நான்குக்கும் பணம் கட்ட வேண்டிவரும்.