பேரிக்காய் வடிவில் ஓர் அணுக்கரு

பள்ளிப் பாடநூல்களில் அணுக்கரு எப்போதும் உருண்டையாகவே வரையப்படுகிறது. ஆனால் ஈயம்-208 போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான அணுக்கருக்கள் கச்சிதமான உருண்டைகள் அல்ல. அவற்றுள் நீள்கோள வடிவம் கொண்டவையே அதிகம். அணுக்கருவின் உருவம் ஏன் இப்படி மாறுகிறது என்பதை விளக்கியதற்காக ஆகே போர், பென் மோட்டல்சன், ஜேம்ஸ் ரெயின்வாட்டர் மூவரும் 1975-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றினும் விசித்திரமான ஒரு வடிவம் உண்டு. கனமான, நிலையற்ற சில அணுக்கருக்களில் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கலாம் என்று கோட்பாட்டாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். இந்தப் பேரிக்காய் வடிவத்துக்கு வலுவான நேரடிச் சான்று 2013-இல் கிடைத்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பட்லர் தலைமையிலான குழு, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்ட் கூடத்தில் அதைக் கண்டறிந்தது.

குழு ஆராய்ந்த கருக்களுள் ரேடியம்-224இன் அரை ஆயுள் மூன்றரை நாளுக்குச் சற்று அதிகம். ரேடான்-220க்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இவற்றைச் சேமித்து வைத்து ஆராய வழியில்லை. ஆகவே யுரேனியம் கார்பைடின் மீது புரோட்டான்களை மோதச் செய்து, அங்கேயே இவற்றை உண்டாக்கிப் பிரித்தெடுத்தனர். பிறகு ஒளிவேகத்தில் சுமார் 8 சதவீத வேகத்துக்கு முடுக்கி, நிக்கல், காட்மியம், வெள்ளீயத் தகடுகளை நோக்கிச் செலுத்தினர்.

இந்த வேகத்தில் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் விலகிச் செல்கின்றன. அந்த நொடிநேர நெருக்கத்தில் மின்புலம் ரேடியம் கருவைக் கிளர்ந்தெழச் செய்கிறது. கிளர்ந்த கரு படிப்படியாக அமைதி நிலைக்கு இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் காமா கதிரை உமிழலாம். மினிபால் என்ற ஜெர்மானியம் உணர்கருவித் தொகுதி அந்தக் கதிர்களைப் பதிவு செய்கிறது. கதிரின் ஆற்றல், கரு எந்தப் படியிலிருந்து இறங்கியது என்பதைக் காட்டும். எந்தக் கதிர் எவ்வளவு வந்தது என்ற கணக்கோ, கருவுக்குள் மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைத் தரும். எந்த நுண்ணோக்கிக்கும் எட்டாத உருவம் இப்படித்தான் நமக்குத் தெரியவருகிறது.

ரேடியம்-224 நிலையாகவே பேரிக்காய் வடிவில் இருப்பது உறுதியானது. ரேடான்-220 அந்த வடிவத்துக்கும் அதன் தலைகீழ் வடிவத்துக்கும் இடையே அதிர்ந்துகொண்டிருக்கிறது. ரேடியம்-222உம் நிலையான பேரிக்காய் வடிவமே என்பதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதன் பயன் பெரிது. பிரபஞ்சத்தில் எதிர்ப்பருப்பொருள் ஏறத்தாழ இல்லாமல் போய், பருப்பொருள் மட்டும் மிஞ்சியது ஏன் என்பது இன்றும் தீராத கேள்வி. விடைக்கான தடயம், அணுவுக்குள் நிலையான மின் இருமுனைத் திருப்புத்திறனாக, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் சற்றே விலகி நிற்பதாக, மிக மிக நுண்ணிய அளவில் ஒளிந்திருக்கலாம். பேரிக்காய் வடிவக் கருவில் அந்த விளைவு பல நூறு மடங்கு பெருகித் தெரியும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் ரேடியம்-225 அணுக்களில் இதைத் தேடி, 2015-இல் தன் முதல் அளவீட்டை வெளியிட்டது. எந்த அணுவிலும் அது இதுவரை தென்படவில்லை. தேடலுக்கு எந்த அணு தகுந்தது என்று தேர்ந்தெடுக்க, முதலில் அதன் கருவின் வடிவம் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் நம்பகமான சாட்சி காமா கதிர்களே.