உப்புத் தண்ணிக்கு என்ன மூடாக்கு?

முதலிபாளையத்தில் ஒரு பெரியவருக்கு இயற்கை வேளாண்மைத் துண்டறிக்கை ஒன்றை வாசித்துக்காட்டினேன். 'ஈரப்பதம் பேண நிலப்போர்வை அமைத்திடுக' என்றதும் நிறுத்தினார்: "மூடாக்குப் போடுன்னு சொன்னா என்ன கண்ணு?"

சருகும் தழையும் பரப்பி மண்ணின் ஈரம் காப்பது மூடாக்கு. வேளாண் பட்டதாரியான நம்மாழ்வார் (1938–2013) இப்படியான உழவர் சொற்களில்தான் பேசினார், கூட்டம் கேட்டது.

ஆனால் சொல்லை எளிதாக்கினால் மட்டும் போதுமா? 'நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது' என்பதும் எளிய வாக்கியம்தான். எழுவாய் நீர், உப்பாக்கியவர் யார்? திருப்பூருக்குக் கீழே, நொய்யலில் பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துண்டறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

செய்தவரை மறைக்கிற எளிமை, கடுந்தமிழைவிட மோசம். பெரியவர் கேட்டதும் அதைத்தான்: "உப்புத் தண்ணிக்கு என்ன மூடாக்குப் போடறது?"