பொருளறிந்து பாடுவோம்



வகுப்பறையில் குயிலெனப் பாடும் மாணவர் சிலர், மேடையேறியதும் தலைகுனிந்து நிற்பதைக் காண்கிறோம். கைகள் சட்டையின் ஓரத்தைத் திருகுகின்றன. கண்கள் தரையை நோக்குகின்றன. பாடல் பிழையின்றி முடிகிறது. ஆயினும் கேட்போர் உள்ளத்தை அது தொடுவதில்லை. இக்குறை குரலால் வந்ததன்று. இதனை நீக்கும் வழியை ஓர் இசைமேதையின் வாழ்விலிருந்து அறிவோம்.

1916ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார். அவர்தம் அன்னையார் சண்முகவடிவு, வீணைக் கலைஞர். ஒருநாள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த அச்சிறுமியை, கைகழுவி, உடைமாற்றி, சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அன்னையாரின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அன்னை பணிக்கவே, சிறுமி ஓரிரு பாடல்களைப் பாடினார். கைத்தட்டல் எழுந்தது. அவர் மனமோ, எப்பொழுது மண் விளையாட்டிற்குத் திரும்பலாம் என்றே எண்ணியதாம்! பின்னாளில் அவரே இதனை நினைவுகூர்ந்துள்ளார். பாராட்டையும் பழிப்பையும் எண்ணாத உள்ளத்தில் அச்சம் புகுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

எனினும், அஞ்சாமை மட்டும் போதுமா? போதாது. அம்மையார் பல மொழிகளில் பாடியவர். ஒவ்வொரு பாடலின் பொருளையும் உச்சரிப்பையும் கேட்டறிந்த பின்னரே அதனை மேடையில் பாடுவார். 1966ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அவர் பாடியபோது, மொழி அறியாதவரும் மெய்ம்மறந்து கேட்டனர். பொருள் உள்ளத்தில் நிறைந்தால், பாவம் முகத்தில் தானே மலரும்.

நீங்களும் முதலில் பாடலைப் பாட்டியிடம் கதைபோல் சொல்லிப் பழகுங்கள். சொல்லின் நடுவே மூச்சு வாங்காதீர்கள். ‘தாமரை’யைத் ‘தா’ என நிறுத்தி ‘மரை’ எனத் தொடர்ந்தால், மலர் மறைந்து மான் வந்து நிற்குமன்றோ! இரு கால்களையும் ஊன்றி நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரை நோக்கிப் பாடுங்கள். துயரப் பாடலுக்குப் புன்னகையும், தாலாட்டுக்கு முழக்கமும் பொருந்தா.

நம் ஜொகூர் மாநிலத்தில் ஆலயத் திருவிழா, திருமுறை ஓதும் போட்டி, பள்ளிப் பரிசளிப்பு விழா எனப் பாடுவதற்கு மேடைகள் பல உள. பரிசு ஒருவருக்கே கிட்டலாம்; ஆனால் பொருளுணர்ந்து பாடும் இன்பம் அனைவருக்கும் உரியது. அஞ்சாது மேடையேறுங்கள், தமிழ் உங்கள் முகத்திலும் ஒளிரட்டும்!