வெளிநாட்டில் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: இடரை எடைபோடுவது எப்படி?

கருத்து விளக்கக் கட்டுரைக்கு உடல்நலம் என்றாலே நம் மாணவர்கள் உடற்பயிற்சி, காய்கறி, எட்டு மணி நேரத் தூக்கம் என்று மூன்று பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்த முறை கொஞ்சம் கடினமான தலைப்பு. சென்னைக்கோ ஹாட்ஜாய்க்கோ இஸ்தான்புல்லுக்கோ போய் வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டு வருவது பற்றியது. முகநூலிலும் புலனக் குழுக்களிலும் வரும் விளம்பரங்களை கோலா தெர்லா தோட்டத்து வீடுகளிலும் பார்க்கிறார்கள். "அங்க செலவு கம்மியாம் டீச்சர், போயிட்டு வந்துடலாமா?" என்று பெற்றோர் நம்மிடமே கேட்கிறார்கள். பதில் சொல்ல நமக்கும் கொஞ்சம் விவரம் வேண்டும்.

முதலில் ஒரு சொல். 'ஆபத்து' வேறு, 'இடர்' வேறு. ஆபத்து என்பது தீங்கு செய்யக்கூடிய ஒன்று. அந்தத் தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பெரிது என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இடர். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எழுதுவதால்தான் கட்டுரை "போகாதே, ஆபத்து" என்று ஒரே வரியில் நின்றுவிடுகிறது.

இந்தச் சிகிச்சையைக் கேலியாகப் பார்ப்பவர்களும் உண்டு. "வாயக் கட்டினா போதாதா?" என்பார்கள். அது சரியல்ல. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நம் இந்தியர்களிடையே இது அதிகம் என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரிந்ததுதான். கடுமையான உடல் பருமனோடு நீரிழிவும் சேர்ந்தவருக்கு இந்த அறுவை உண்மையாகவே உதவுகிறது. எடை குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது, சிலருக்கு மாத்திரையும் குறைகிறது.

யாருக்குப் பொருந்தும்? பி.எம்.ஐ. கணக்கை மாணவர்களே போடலாம். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ளவருக்கு 37.5. பல ஆண்டுகளாக, 40க்கு மேல் இருந்தால் அல்லது நோயோடு சேர்ந்து 35க்கு மேல் இருந்தால்தான் அறுவை என்பது வழக்கம். 2022இல் அனைத்துலக அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை மாற்றின. இப்போது 35க்கு மேல் இருந்தால் பரிந்துரைக்கலாம். நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 30இலேயே யோசிக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே பேசலாம் என்கின்றன. அதே 1.60 மீட்டர் உயரத்தில் 62 கிலோ உள்ளவருக்கு 24.2தான். அவரிடம் "வாங்க, செய்துவிடலாம்" என்று சொல்லும் இடம் எதுவானாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். துருக்கிக்கு எடை குறைக்கப் போன பிரிட்டிஷ்காரர்களில் ஏழு பேர் இறந்ததை 2023இல் பி.பி.சி. வெளிப்படுத்தியது. சாதாரண எடை உள்ளவர்களையும் ஏற்றுக்கொள்ளச் சில கிளினிக்குகள் தயாராக இருந்ததையும் அதே விசாரணை காட்டியது.

அறுவையில் என்ன செய்கிறார்கள்? பரவலாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவக் குழாய்போலத் தைத்துவிடுகிறார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. 'பைபாஸ்' முறையில் சிறிய பை ஒன்றை உண்டாக்கி அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இரண்டுமே சின்னத் துளைகள் வழியாகச் செய்யப்படுவதால் வெளியே தழும்பு சிறிது. அதனால்தான் பலர் இதைப் பல் பிடுங்குவதுபோல நினைக்கிறார்கள்.

அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. விளம்பரங்கள் இந்த எண்ணைத்தான் காட்டும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அறுவைக்கு முன் இதயம், நுரையீரல், தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் சோதித்து, அறுவைக்குப் பின் பல மாதம் கவனித்து, ஏதாவது ஆனால் அரை மணி நேரத்தில் திரும்ப அறுவை அறைக்குக் கொண்டுபோகக்கூடிய இடங்களிலிருந்து வந்தது. திங்கட்கிழமை போய், புதன்கிழமை அறுவை, ஞாயிறு விமானம் என்ற பயணத்துக்கு அதே எண் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஏன் என்று விளக்க வேண்டும். இந்த அறுவையின் மோசமான சிக்கல்கள் மேசையிலேயே வருபவை அல்ல. தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால், அது பல சமயம் நோயாளி வீடு திரும்பிய பிறகுதான் தெரியவரும். முதல் இரண்டு வாரம் கவனிக்க வேண்டிய காலம். காய்ச்சல், குறையாத வயிற்று வலி, இடது தோளில் வலி, ஓய்வாக இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இன்னொன்று. உடல் பருமன், அறுவை, மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பது என்ற மூன்றுமே அந்த உறைவைத் தூண்டுபவை. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேர விமானம். பிறகு கார். எளிய துளை அறுவைக்குப் பின் நான்கைந்து நாள், பெரிய வயிற்று அறுவைக்குப் பின் பத்து நாள் விமானம் ஏறாமல் இருக்கச் சொல்வது பொதுவான வழிகாட்டல். விளம்பரத்தில் 'ஐந்து நாள் பேக்கேஜ்' என்று இருந்தால், இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக, வார இறுதியில் கியா பார்ம் நெரிசல் ஒன்றே போதும் நேரத்தைத் தின்ன. அது மாவட்ட மருத்துவமனை. இரைப்பைக் கசிவுக்கு மறு அறுவை செய்ய ஈப்போ போன்ற பெரிய ஊருக்குத்தான் அனுப்ப வேண்டிவரும். கம்போங் ராஜா வழியே சிம்பாங் பூலாய் இறங்கிப் போகச் சுமார் ஒன்றரை மணி நேரம், அதுவும் மழையில் மண் சரியாத நாளில். அங்கே போனாலும், வயிற்றுக்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அந்த மருத்துவருக்குத் தெரியாது. கையில் அறுவைக் குறிப்பு இல்லையென்றால் அவர் இருட்டில்தான் தேட வேண்டும்.

நடந்த செய்திகள் சிலவற்றையும் பாருங்கள். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரான பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு இதே சிகிச்சைக்காகப் போய் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரித்தது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி இல்லை என்று தெரியவந்ததால் அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வெளிநாடு அல்ல, பக்கத்து ஊர்தான். ஆகவே கேட்க வேண்டியது 'எந்த நாடு' என்பதைவிட 'எந்தக் கட்டடம்' என்பது. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, வேறு இடத்துக்கு ஆம்புலன்சில் போக வேண்டுமா? இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2017இல் எகிப்திலிருந்து ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ளவர் என்று சொல்லப்பட்ட பெண் மும்பைக்குத் தனி விமானத்தில் கொண்டுவரப்பட்டு மார்ச் மாதம் 'ஸ்லீவ்' அறுவை செய்துகொண்டார். எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர் நிலை பற்றிக் குடும்பத்தாருக்கும் மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு முற்றி, மே மாதம் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பரில் அங்கே இறந்தார். இதய, சிறுநீரகக் கோளாறுகள் காரணமாகச் சொல்லப்பட்டன. உலகமே பார்த்துக்கொண்டிருந்த நோயாளிக்கே மூன்று நாடுகளுக்கு நடுவில் யார் பொறுப்பு என்ற சண்டை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது செய்தி கிருமி பற்றியது. மெக்சிகோவின் டிஹுவானாவில் அறுவை செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கர்கள் சிலருக்கு, பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத கிருமித் தொற்று வந்தது. அவர்களில் பெரும்பாலோர் எடை குறைக்கப் போனவர்கள். 2019 ஜனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எச்சரிக்கை விடுத்தது.

செலவு விஷயத்தில் விளம்பரம் சொல்லும் தொகையோடு நிற்காதீர்கள். துணைக்குப் போகும் ஒருவரின் விமானம், தங்குமிடம், வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம், சிக்கல் வந்தால் கூடுதல் நாள்கள், திரும்ப வந்த பின் வாழ்நாள் முழுதும் வைட்டமின் மாத்திரை, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்தால்தான் விலை. நாள்கூலி வாங்கும் குடும்பம் கூட்டுப் பணத்தைப் போட்டுப் போகும்போது, திரும்பிப் போகக் காசு மிஞ்சுமா என்பதும் மருத்துவக் கேள்விதான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறையும். விடாத வாந்தியோடு வைட்டமின் பி1 குறைந்தால் மூளையே பாதிக்கும். பெண்கள் அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். இதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. பைபாஸ் செய்தவர் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கை ஒரே மூச்சில் குடித்தால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். ரொட்டி சானாய் ஆசை வயிற்றோடு சேர்ந்து சுருங்கிவிடாது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

சட்டமும் உண்டு. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. வழக்குப் போடலாம். ஆனால் தேயிலைக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டு இன்னொரு நாட்டில் வழக்கு நடத்துவது எத்தனை பேரால் முடியும்? சுற்றுலா விசாவில் போய்ச் செய்துகொள்வது இன்னும் சிக்கல். மருத்துவத்துக்கென்றும் துணைக்கு வருபவருக்கென்றும் இந்தியா தனி விசா தருகிறது.

போவதற்கு முன் உள்ளூர்க் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களில் இந்த அறுவை நம் நாட்டிலேயே நடக்கிறது. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் உணவு ஆலோசனையும் இதயச் சோதனையும் நடக்கின்றன.

அப்படியும் வெளியே போவதென்று முடிவெடுத்தால், அறுவைக் குறிப்பு, பயன்படுத்திய தையல் கருவியின் விவரம், ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். வந்த மறுநாளே உள்ளூர் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஐந்து அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி, வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவரின் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.