இரண்டு அடுப்புக்கு ஒரு சம்பளம்

கடல் தாண்டிய குடும்பங்கள் – 9

சென்ற வாரம் நம் ஆளை நாகப்பட்டினம் முகாமில் அம்மை குத்தவைத்துக் கப்பலேற்றிவிட்டோம். ‘ரஜுலா’வின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் கரையிறங்கி, தனிமை முகாமில் நாள் கழித்து, ரயிலேறி அவர் வந்து சேரும் ஊர் குளுவாங். இது கிள்ளான் அல்ல. கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது. குளுவாங் அதற்கு வெகு தெற்கே, ஜொகூரின் நடுவில். அவருக்குப் பெயர் வைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இது ஒருவர் கதையாக இல்லாமல் 1920களின் கடைசியில் அந்த ரயிலில் வந்த பலருடைய கதையாக இருப்பதுதான்.

ஜொகூரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இருப்புப்பாதை 1909இல் முடிந்தது. அதன் இருபுறமும் காடு அழிந்தது, ரப்பர் வந்தது. மெங்கிபோல், லம்பாக், நியோர், பாலோ, ரெங்கம் என்று தீம்பார்கள் முளைத்தன. பெயர்ப்பட்டியலைக் கேட்டால் குளுவாங் தமிழர்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயரைச் சொன்னதுபோல இருக்கும். அந்தத் தோட்டங்கள் சிலவற்றின் பெயரில் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன.

அவரை அழைத்து வந்தவர் கங்காணி. கங்காணி பெரும்பாலும் வேற்றாள் அல்ல. அதே ஊர், அதே சாதி, சில வேளை தாய்மாமன். துரைமார் கங்காணியை ஊருக்கு அனுப்பியதே அதற்குத்தான். முன்பின் தெரியாதவனை நம்பிக் கடல் தாண்ட யாரும் துணிய மாட்டார்கள், மாமன் கூப்பிட்டால் போவார்கள். வந்தபின் ஓடிப்போகவும் மாட்டார்கள், ஏனென்றால் ஓடினால் மாமனுக்குத் தலைக்குனிவு. வேலைக்கு இறங்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. உறவு இங்கே ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டது.

குடும்பத்துக்காக உழைத்தார்கள், மாடாய் உழைத்தார்கள் என்று நம் மூதாதையரைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. அந்தக் குடும்பப் பாசத்தைக் கூலியின் ஒரு பகுதியாகத் தோட்ட முதலாளி முன்கூட்டியே கழித்துக்கொண்டான் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 1920களின் இறுதியில் மலாயாவின் சில முக்கிய வட்டாரங்களுக்கு அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மற்ற இடங்களும் ஏறத்தாழ அதை அனுசரித்தே போயின. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஜொகூரில் ஆண்டுக் கடைசியில் மழை விடாமல் அடிக்கும். அது ஓய்ந்ததும் மரம் இலையுதிர்க்கும், பால் வற்றும். மாதத்தில் 24 நாள் வேலை கிடைத்தால் 12 வெள்ளி. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில் கடன். மனைவியும் வேலைக்கு இறங்கினால்தான் அடுப்பு எரியும். பிள்ளையும் கூடப் போனால்தான் ஊருக்கு ஏதாவது மிஞ்சும்.

அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்கும். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கிராணி செக்ரோலில் பேர் குறித்தால்தான் அன்றைய நாள் அவருடையது. வெயில் ஏறுவதற்குள் தன் நிரையிலுள்ள முந்நூறு சொச்சம் மரங்களையும் சீவி முடித்தாக வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிசாகச் சீவத் தெரிய வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் தண்டல் கத்துவார், கூலியிலும் கை வைப்பார்கள். சீவிய மரத்தில் மங்கு வைத்துக்கொண்டே மனைவி பின்னால் வருவாள், அல்லது பக்கத்து நிரையில் அவளே சீவுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். ஏழெட்டு வயதுப் பையன் முந்தின நாள் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தப் பிள்ளைகளைக் காலையில் நிரையிலிருந்து விடுவிக்கிற அளவுக்குக் கூலி இருக்கவில்லை. பால் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் தொங்கவிட்டு, ஸ்டோரில் நிறுத்து ஊற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது நடுப்பகல் தாண்டியிருக்கும். அதற்குமேல்தான் வெண்டைக்காய்ப் பாத்தி, இரண்டு ஆடு, சொந்தமாக ஒரு மாடு. சம்பளத்தில் விழுந்த ஓட்டையை அடைத்தது அந்த மாடுதான்.

மிச்சப்பட்டது மணியார்டராகப் போகும். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். மூன்று வெள்ளி அனுப்பினால் ஊரில் நாலரை ரூபாய்க்கு மேல் கிடைக்கும். தகப்பனார் வாங்கிய கடன், தங்கை கல்யாணம், அடகில் கிடக்கும் அரைக் காணி, எல்லாம் அந்த மூன்று வெள்ளியை எதிர்பார்த்திருக்கும். லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதம் ஊருக்குப் பணம் போகாது. ஊரில் சாவு விழுந்த மாதம் லயத்தில் கஞ்சி. எந்த அடுப்பை அணைப்பது என்பதை அவர் மாதாமாதம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அவர் மனைவிக்குச் சேலை எடுக்காத வருஷங்களை ஊரில் யாரும் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம். ரப்பர் விலை சரிந்தது, கூலியைக் குறைத்தார்கள், 1930 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் வந்து பார்த்து, பழைய 50 காசையே திரும்பக் கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நாள்தான். 1938இல் விலை இறங்கியதும் மறுபடி குறைப்பு. அந்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து. ஆனால் அடுத்த கப்பலில் தம்பி வருவான் என்று காத்திருந்தவருக்கு அது வேறுவிதமாகத்தான் பட்டிருக்கும்.

அதே 1938இல்தான் குளுவாங் ரயில் நிலையத்தில் ஹைனான் சீனக் குடும்பம் ஒன்று காப்பிக்கடை திறந்தது. இன்று அந்தக் காப்பியையும் கரியில் வாட்டிய ரொட்டியையும் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்களும் வந்தேறிகளே, அவர்களும் குடும்பமாகவே உழைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு கடை இருந்தது. பால் வெட்டியவருக்குத் தன் நிரையைத் தவிர விட்டுச்செல்ல எதுவும் இல்லை. லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும்.

அது 1950களில் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வாங்கியவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது, லயத்தில் இருந்தவர்கள் வேண்டாம். அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டச் சொல்லி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது. நாள்கூலிக்காரர்களின் பத்து வெள்ளிகளைச் சேர்த்துத் தோட்டமே வாங்க முடிந்தது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஈடான செயல் வேறு இல்லை என்பேன்.

எல்லாரும் தப்பவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நீல ஐ.சி. மனைவிக்கும் பிள்ளைக்கும், சிவப்பு ஐ.சி. வீட்டுக்காரருக்கு என்று ஒரே லயத்து வீட்டுக்குள் இரண்டு நிறம். நாற்பது வருஷம் மரம் சீவியவர் ஒரு விண்ணப்பத்தை நேரத்தில் எழுதிப்போடாததால் வேற்றாள் ஆனார். பல்லாயிரம் பேர் அப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே அந்த மணியார்டரில் மீட்ட நிலம் அண்ணன் மகன் பெயரில் இருந்தது என்பது வேறு கதை. பெர்மிட் கிடைத்துத் தங்கியவர்களும் தோட்டத்தில் நாள்கூலியைத்தான் நம்பியிருந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி என்ற சட்டம் நடப்புக்கு வந்தது 2013இல்தான்.

இப்போது குளுவாங்கைச் சுற்றி ரப்பர் குறைந்து செம்பனை நிற்கிறது. லயத்தில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் இருக்கிறார்கள். சம்பள நாளில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் அவர்கள் வரிசை. நம் ஆளின் பேரப்பிள்ளைகளில் பலர் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி சிங்கப்பூரில் வாரம் முழுதும் வேலை செய்து, விடுமுறைக்குக் குளுவாங் வருகிறார்கள். இரண்டாவது அடுப்பு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அடுத்த வாரம் 1942. ஜப்பானியர் குளுவாங்குக்குள் நுழைந்ததும் மணியார்டர் நின்றுபோனதும், சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்ததும். குளுவாங், ரெங்கம், நியோர், பாலோ வட்டார வாசகர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மணியார்டர் ரசீதோ, செக்ரோல் சீட்டோ, சிவப்பு ஐ.சி.யோ இருந்தால் தூக்கியெறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பின்னால் எழுதி வையுங்கள். அந்த வீட்டுப் பாட்டி உயிரோடிருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.