அவ்வப்போது நின்றுபோகும் இயந்திரம்: கோளாறைப் பிடிக்க எந்தக் கேமரா ஏற்றது?

பெங்களூரு: ஹலசூரு எனப்படும் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்தில் இருந்து பச்சை வழித்தடத்துக்கு மாறினால் பீன்யா தொழிற்பேட்டையை அடையலாம். பீன்யாவைப் போன்ற தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் சீராக ஓடிய இயந்திரம் திடீரென நின்றுவிடும். பிட்டர் வந்து பார்க்கும்போது எந்தக் குறையும் தென்படாது. மீண்டும் இயக்கினால் ஒழுங்காக ஓடும்.

இத்தகைய கோளாறில் உற்பத்தி இழப்புடன் மற்றொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. காரணம் தெரியாதபோது பழி பெரும்பாலும் இயந்திரத்தின் அருகே நின்றவர் மீதே விழுகிறது. கவனக்குறைவு என்று பதிவேட்டில் எழுதப்பட்ட பின்னர், அதனை மறுக்க அவரிடம் எந்தச் சான்றும் இருப்பதில்லை. எனவே, இயந்திரத்தின் முன் கேமரா பொருத்தும் முடிவு அவருக்கும் முக்கியமானது.

எந்தக் கேமராவை வாங்குவது என்ற கேள்வி எழுந்தவுடன், விநாடிக்கு எத்தனை படங்கள் எடுக்கும் என்பதைத்தான் பலரும் முதலில் விசாரிக்கின்றனர். ஆனால், எப்போது நிகழும் என்று தெரியாத கோளாறுக்கு வேகத்தை விட நினைவாற்றலே முதன்மையானது. இயந்திரம் நின்ற பிறகு, அதற்கு முந்தைய விநாடிகளைத் திருப்பிக் காட்ட இயலாத கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயன் தராது.

அட்டைப்பெட்டிகளை விரித்து நிரப்பும் பொட்டலமிடும் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 பெட்டிகள் என்றால், ஒரு பெட்டிக்குக் கிடைப்பது அரை விநாடி. அதற்குள் ரப்பர் உறிஞ்சு கிண்ணங்கள் தட்டையான அட்டையைப் பற்றி இழுக்கும் அசைவு 40 மில்லி விநாடிகளில் முடிந்துவிடுவதாகக் கொள்வோம். விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும் சாதாரண சிசிடிவி கேமராவில் இந்த அசைவு முழுவதற்கும் கிடைப்பது ஒரே ஒரு படம். அட்டை இருந்ததும் பின்னர் நழுவியதும் தெரியும். நழுவியது எவ்வாறு என்பது தெரியாது. விநாடிக்கு 250 படங்கள் எடுத்தால் அதே அசைவுக்கு 10 படங்கள் கிடைக்கும். அட்டை வளைந்திருந்ததா, வழிகாட்டிக் கம்பியில் உரசியதா, உறிஞ்சும் காற்றழுத்தம் தாமதமாகக் கிடைத்ததா என்பதைப் பிரித்தறிய பல வேளைகளில் இதுவே போதும்.

நினைவாற்றலைக் கணக்கிடுவதும் எளிதே. 1,280-க்கு 1,024 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்களை விநாடிக்கு 1,000 வீதம் எடுக்கும் அதிவேகக் கேமரா, ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 1.3 ஜிகாபைட் தரவை உண்டாக்குகிறது. அதன் உள் நினைவகம் 8 ஜிகாபைட் எனில், ஆறு விநாடிகளில் நிரம்பிவிடும். பின்னர் பழைய படங்களின் மேல் புதியவை எழுதப்படும். மாறாக, 640-க்கு 480 புள்ளிகளுடன் விநாடிக்கு 250 படங்கள் எடுக்கும் தொழிற்சாலைக் கேமராவுக்கு விநாடிக்கு 77 மெகாபைட் அளவே தேவை. சாதாரண கிகாபிட் ஈதர்நெட் கம்பி இதனைச் சுமக்கும். 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் கடைசி ஒரு நிமிடத்தை எந்நேரமும் சுழற்சி முறையில் வைத்திருக்கலாம். வேகம் குறைந்த இந்தக் கேமராதான் நீண்ட நேரத்தை நினைவில் வைத்திருக்கிறது.

அந்தச் சுழற்சியை நிறுத்துவதற்கான கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதையும் வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். ஒருவர் ஓடிவந்து பொத்தானை அழுத்தும் வரை காத்திருந்தால் தேவையான காட்சி அழிந்திருக்கக்கூடும். இயந்திரத்தை நிறுத்தும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவியின் பிழைச் சமிக்ஞையே கேமராவுக்கும் செல்ல வேண்டும். பெரும்பாலான பி.எல்.சி.க்கள் 24 வோல்ட் சமிக்ஞை தருபவை. கேமராவின் உள்ளீடு அதனை ஏற்குமா, இடையில் ரிலே தேவையா என்பது கவனிக்க வேண்டிய சிறு விவரம்.

வேகமும் நினைவகமும் போதிய அளவில் இருந்தும் காட்சி தெளிவில்லாமல் போவதுண்டு. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும் பொருளை, 50-இல் ஒரு பங்கு விநாடி ஷட்டர் திறப்பில் எடுத்தால் அது படத்தில் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும். 2,000-இல் ஒரு பங்கு விநாடியாகக் குறைத்தால் மங்கல் அரை மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் உள்ளே வரும் ஒளியும் 40-இல் ஒரு பங்காகிவிடும். எனவே, கேமராவுக்கான தொகையில் விளக்குக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கம், அதிவேகப் பதிவில் படங்களை மாறி மாறி இருளாக்கும். நேர் மின்னோட்டத்தில் இயங்கும் எல்.இ.டி. விளக்கு இதனைத் தவிர்க்கும். விரைந்த அசைவுகள் கோணலாகப் பதிவாகாமல் இருக்க, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர் வகையே ஏற்றது.

கேமராவை எங்கு வைப்பது என்பதற்கு விண்வெளித் துறையில் கசப்பான முன்னுதாரணம் ஒன்று உள்ளது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டு சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு அதன் இடது இறக்கையில் மோதியது. மறுநாள் பொறியாளர்கள் படச்சுருள்களை ஆராய்ந்தபோது, மோதல் நிகழ்ந்தது தெரிந்தது. சேதத்தின் அளவு தெரியவில்லை. நல்ல கோணத்தில் இருந்த ஒரு கேமராவின் குவியம் சரியாக அமைந்திருக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறியதில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். ஏவுதலின்போது குறைந்தது மூன்று பயனுள்ள காட்சிகள் கிடைக்க வேண்டும் என்று விசாரணை வாரியம் பின்னர் பரிந்துரைத்தது.

தொழிற்சாலையில் மூன்று கேமராக்கள் எப்போதும் தேவைப்படாது. எனினும், அட்டை சிக்கும் இடத்தைக் காட்டும் கேமராவுடன், அட்டை வரும் வழியைக் காட்டும் இரண்டாவது கேமராவும் இருப்பது நல்லது. நெரிசல் தெரியும் இடம் வேறு, அது தொடங்கும் இடம் வேறாக இருப்பதுண்டு. இரு கேமராக்களின் கடிகாரமும் பி.எல்.சி.யின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால், எது முன், எது பின் என்ற வாக்குவாதமே மிஞ்சும்.

கேமராவின் பார்வைக்குத் தடையாக இருக்கிறது என்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றுவது நேரக்கூடிய தவறுகளில் மோசமானது. இயங்கும் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆவது பிரிவில் கூறியது. தடுப்பில் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டைப் பொருத்தி, வெளியில் இருந்து படமெடுக்க இயலும். பார்வை எல்லையைக் கோளாறு நிகழும் பகுதி அளவுக்குச் சுருக்கினால் படமும் தெளிவாகும்; தொழிலாளியின் முகமும் பதிவாகாது. கேமரா பொருத்தும் முன்பே, அது எதைப் பார்க்கிறது என்று ஷிப்டில் உள்ளவர்களுக்குத் திரையில் காட்டிவிடுவது வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்.

செலவைப் பொறுத்தவரை, விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசியில் தொடங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் கோளாறு அதிலேயே சிக்கிவிடலாம். நாளுக்கு ஒருமுறை வருவதற்கு அது உதவாது. ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கும் சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் அசைவுக்கே உரியது. அதிவேகக் கேமராவே தேவை எனில், சில நாட்களுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்த்த பின் வாங்கலாம். கண்காட்சி அரங்குகளில் பளிச்சென்ற ஒளியில் பலூன் உடைவதைக் காட்டும் கேமரா, எண்ணெய்ப் படலமும் அதிர்வும் உள்ள தளத்தில் அதேபோல் இயங்கும் என்று கொள்ள முடியாது. சொந்த இயந்திரத்தின் முன் ஒரு முழு ஷிப்ட் சோதித்துக்காட்டுமாறு விற்பனையாளரிடம் கேட்பது முறையானதே.

கோளாறு பதிவான பின், அதே இயந்திரம் சரியாக ஓடிய ஒரு சுற்றின் பதிவையும் அருகில் வைத்துப் படம் படமாக ஒப்பிட வேண்டும். பழுது நீக்கியவுடன் கேமராவைக் கழற்றிவிடுவதும் அவசரமே. சராசரியாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒழுங்கின்றித் தோன்றும் கோளாறு, பழுது நீங்காவிட்டாலும்கூட அடுத்த எட்டு மணி நேரத்தில் தற்செயலாகத் தோன்றாமல் இருக்க 37 விழுக்காடு வாய்ப்புள்ளது. 24 மணி நேரம் தோன்றாமல் இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காடுதான். எனவே, இன்னும் மூன்று ஷிப்டுகளாவது கேமரா அங்கேயே இருக்கட்டும்.